ஸ்டிக்கருக்குப் பின்னால் எரிந்த விளக்கு

என் அக்கா புருஷன் அந்த முறை குவைத்திலிருந்து வந்து இறங்கியபோது, ஊரில் யாரிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் மட்டும் சொன்னார். இனிமேல் திரும்பிப் போவதாக இல்லை என்றார். எட்டு வருஷமாக அங்கே ஒரு வீட்டில் டிரைவராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போனதில் மகள் பிறந்ததையும் பார்க்கவில்லை, நடந்ததையும் பார்க்கவில்லை. இப்போது அவள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒரு பழைய காரை வாங்கி, ரேணிகுண்டா ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைத் திருப்பதிக்கும் மலைக்கும் ஏற்றிக்கொண்டு போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். ஆனால் ஆள் உஷார். விசாவை விட்டுவிடவில்லை. ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அது தானாகவே ரத்தாகிவிடும், அதுவரை கார் ஓடுகிறதா பார்ப்போம் என்றார். ஓட வைப்பது என் பொறுப்பு. நான் அப்போது ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன்.

காரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பெங்களூர் நம்பர், வெள்ளை நிறம், எட்டு வருஷம் ஓடின பெட்ரோல் வண்டி. கார்புரேட்டர் போய் எஞ்சினுக்குள் கம்ப்யூட்டர் வந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தது. முன்பு வைத்திருந்தவன் அதில் கேஸ் கிட் மாட்டியிருந்து, விற்கும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தான். அந்தக் கிட்டின் ஒயர் போன இடத்தில், எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில், கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. வாங்கிய அன்றே அதைப் பார்த்தேன். ஒரு ரப்பரை வைத்து அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்று வரைக்கும் என்னை விடவில்லை, ஏனென்றால் நான் அடைக்கவில்லை.

புத்தூருக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டு வாசலில் பூஜை நடந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம், பூசணிக்காய் உடைத்தோம், முன்னால் மிளகாய் கோத்துக் கட்டினோம். மாமா குவைத்திலிருந்து கொண்டு வந்த அத்தரைப் பஞ்சில் நனைத்து ஏசி வருகிற இடத்தில் செருகினார். அதற்குப் பிறகு அந்தக் காருக்குள் வேறு எந்த வாசனையும் யாருக்கும் தெரியாமல் போயிற்று. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டு ஓட்டுவதுதான் அவர் பழக்கம். எட்டு வருஷம் அந்த வெயிலில் அப்படியே ஓட்டிப் பழகிவிட்டார். ஏசி வண்டி என்று சொன்னால் ஸ்டேஷனில் சவாரியும் சுலபமாகக் கிடைத்தது.

இரண்டாவது வாரம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு.

எனக்கு அந்த விளக்கைக் கண்டாலே ஆகாது. பழைய வண்டிகளில் கோளாறு என்றால் காதால் கேட்டோம், கையால் தொட்டுப் பார்த்தோம். இது என்ன, எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற சமாசாரம் என்று திட்டுவேன். அப்போது எங்கள் பக்கத்தில் ஸ்கேனர் கிடையாது. பானெட்டுக்குள் இருக்கிற ஒரு சாக்கெட்டில் இரண்டு பின்னை ஒயரால் இணைத்தால் விளக்கு விட்டு விட்டு மின்னும். எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணி, ஜெராக்ஸ் போட்டு வைத்திருந்த புத்தகத்தில் பார்க்க வேண்டும். இரண்டு தடவை மின்னி, கொஞ்சம் நின்று, ஒரு தடவை மின்னியது. புத்தகத்தில் ஆக்சிஜன் சென்சார் என்று இருந்தது.

அது புகைக் குழாயில் திருகி வைத்திருக்கிற, கட்டை விரல் அளவு உள்ள ஒரு சாமான். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று மோந்து பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஆக்சிஜன் அதிகம் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை விடும். குறைவு என்றால் பெட்ரோலைக் குறைக்கும். நல்ல சென்சாராக இருந்தால் மீட்டரில் வைத்துப் பார்க்கும்போது முள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வண்டியில் முள் கீழேயே படுத்துக் கிடந்தது. ஆக்சிஜன் அதிகம், ஆக்சிஜன் அதிகம் என்று ஒரே பாட்டு.

சென்சார் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பிப் பழைய சென்சார் ஒன்றை வரவழைத்தேன். அதற்காக வண்டி இரண்டு நாள் ஒர்க்ஷாப்பில் நின்றது. அந்த இரண்டு நாளும் மாமா வீட்டில் இருந்தார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் போனாராம், தானே கோழி வாங்கி வந்து குழம்பு வைத்தாராம். அக்கா அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பையும் ஒர்க்ஷாப்பில் நின்ற வண்டியையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

சென்சாரை மாற்றியதும் விளக்கு அணைந்தது. மூன்று நாள் கழித்துத் திரும்ப எரிந்தது. புதுப்பேட்டை சரக்கு என்று திட்டிவிட்டு, கடையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். நாலாவது நாள் அதுவும் அதே பாட்டைப் பாடியது. இதற்குள் வண்டி பெட்ரோலை அதிகமாகக் குடிக்க ஆரம்பித்திருந்தது, பின்னால் கரும்புகை வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தமும் கேட்டது. டேப்பெட் சத்தம், வால்வு தட்டுகிறது, பழைய எஞ்சினுக்கு இதெல்லாம் சகஜம் என்று சொன்னேன். 

மாமாவுக்கு வேறு கவலை.

"மச்சான், இந்த வெளக்கு எரிஞ்சிக்கினே கீது. ஸ்டேஷன்ல ஏறுறவன் மொதல்ல இதத்தான் பாக்குறான். மலையில வண்டி நின்னுடுமான்னு கேக்குறான்" என்றார்.

எங்கள் பக்கத்து டாக்ஸிகளில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. மலையடிவாரத்தில் அலிபிரியில் விற்கிற சின்ன நாமம் ஸ்டிக்கரை வாங்கி விளக்கின் மேல் ஒட்டிவிடுவது. பல்பைக் கழற்ற வேண்டுமென்றால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும், அரை நாள் வேலை. ஸ்டிக்கர் ஒரு நிமிஷம். பார்க்கிறவர்களுக்குப் பக்தியாகவும் இருக்கும். இன்னொரு வசதி, ஒட்டிய பிறகு அதை யாரும் பிய்க்க மாட்டார்கள். சாமியை நகத்தால் சுரண்ட எவனுக்குக் கை வரும்? ரேணிகுண்டா ஸ்டேண்டில் எத்தனையோ வண்டிகளுக்கு நானே ஒட்டியிருக்கிறேன். மாமாவின் வண்டிக்கும் ஒட்டினேன். தொட்டுக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு விளக்கைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று. மாமா கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தால் துண்டால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். மகள் சிலேட்டைக் காட்ட வந்தால் அப்புறம் என்பார். கேட்ட கேள்விக்கு அரை நிமிஷம் கழித்துப் பதில் வரும். திருப்பதியில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். பிரஷர் பார்த்தார், ரத்தம் பார்த்தார், ஒன்றுமில்லை, டென்ஷன் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊரில் திருஷ்டி என்றார்கள். அக்கா வெள்ளிக்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

சவாரி வருகிறவர்களும் மலை இறங்கும்போது தலை சுற்றுகிறது என்று சொல்வார்களாம், சிலர் வாந்தி எடுப்பார்களாம். மலைப்பாதை வளைவுகளில் அது யாருக்கும் வருவதுதானே. மாமா சீட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்து ஆளுக்கொன்று மோந்து பார்க்கக் கொடுப்பார். அக்காவும் மகளும் இரண்டு தடவை மலைக்குப் போனார்கள். இரண்டு தடவையும் குழந்தை வாந்தி எடுத்தாள். அவளுக்கும் எலுமிச்சம்பழம்தான்.

ஒரு நாள் அக்கா ஒர்க்ஷாப்புக்கே வந்துவிட்டாள். பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க மாமா என்கிட்ட பேசுறதே இல்லடா. பாப்பாவ கூட தூக்குறது இல்ல. வூட்டுக்குள்ள கால வச்சாலே மூஞ்சி மாறிப்போவுது. அங்க குவைத்துல யாரையாச்சும் வச்சிக்கினு கீறாரோ என்னமோ" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை, அவர் மேல். நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்திருந்தேன். குவைத்துக்குப் போய் வந்த எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நாலு மாதம் ஊர் இனிக்கும், அப்புறம் தூசி என்பார்கள், கரண்ட் இல்லை என்பார்கள். ஐந்தாவது மாதம் மாமா டிக்கெட் போட்டுவிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. சவாரி சரியில்லை என்று என்னிடம் முணுமுணுத்தார். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். காரை என்னையே வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லிவிட்டார். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷனிடம் போகாதே என்று சொல்லும் பெண்ணல்ல அவள், அவ்வளவு ரோஷம்.

சென்னை ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஐப்பசி மாதம், வானம் மூடியிருந்தாலும் காலையில் மழை இல்லை. எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது, ஒர்க்ஷாப்பில் எந்த வண்டியை டெஸ்ட் ஓட்டினாலும் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். அன்றும் நாலு கண்ணாடியும் திறந்தே இருந்தன. அக்காவும் மகளும் பின்சீட்டில், மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். திருவள்ளூர் தாண்டியதும் திரும்பி மகளிடம் என்னவெல்லாமோ பேசினார், விடுகதை போட்டார். போகிற நேரத்தில் வருகிற பாசம் என்று நான் பல்லைக் கடித்தேன். ஏர்போர்ட் வாசலில் அவர் அழுதார். அக்கா அழவில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றினோம். முன் கண்ணாடியில் ஆவி படிந்ததால் ஏசியையும் போட்டேன். அக்காவும் குழந்தையும் பின்சீட்டில் சாய்ந்து தூங்கிப்போனார்கள். அத்தர் வாசனை மூக்கை அடைத்தது. திருவள்ளூர் தாண்டியபோது எனக்கு நெற்றிப் பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறித்தது. அழுகையை அடக்கினதால் வந்த தலைவலி என்று நினைத்தேன். அப்புறம் கால் கனத்தது. எதிரே வந்த பஸ்ஸை, அது பக்கத்தில் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் பஸ் என்று புரிந்துகொண்டேன். ஏன் இவ்வளவு நேரமாகிறது ஒரு பஸ்ஸைப் புரிந்துகொள்ள என்று யோசித்தேன், அந்த யோசனையும் மெதுவாகத்தான் வந்தது. பின்னாலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. குழந்தை தூக்கத்திலேயே அக்கா மடியில் வாந்தி எடுத்திருந்தாள்.

அக்கா கண்ணைத் திறந்து அவளைத் துடைத்தாள். பிறகு குழறிக் குழறி ஒன்று கேட்டாள்.

"பாப்பா மலையிலதான வாந்தி எடுக்கும். இங்க ஏதுடா மலை?"

அந்த ரோடு தட்டையானது. வளைவே கிடையாது.

அப்படியென்றால் இது மலையால் வந்தது இல்லை, வண்டியால் என்று எனக்குள் என்னவோ ஒன்று விழித்துக்கொண்டது. வண்டியை ஓரம் கட்டினேனா, தானாக ஓரம் போய் நின்றதா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. நாலு கதவையும் திறந்தேன். இறங்கியதும் முட்டி மடங்கிச் சேற்றில் விழுந்தேன். எழுந்து குழந்தையைத் தூக்கினேன். அவள் கழுத்து நிற்கவில்லை. கன்னத்தில் தட்டினேன், பேர் சொல்லிக் கத்தினேன், கண் திறக்கவில்லை. மழை அவள் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது, அதற்குக்கூட அவள் முகம் சுளிக்கவில்லை. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த வழியாக வந்த ஒரு பால் வேன்காரர் நிறுத்தி மூன்று பேரையும் ஏற்றித் திருத்தணியில் ஒரு ஆஸ்பத்திரியில் விட்டார். நான் வாய் குழறி வண்டிப் புகை, வண்டிப் புகை என்று மட்டும் சொன்னேன். அது போதுமாக இருந்தது. குழந்தைக்கு உடனே மூக்கில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று அவள் கண் திறக்க. திறந்ததும் "நைனா போயிட்டாரா?" என்று கேட்டாள். அக்கா அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் நான் மட்டும் போய், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தேன். ஈரத் துணியைச் சுருட்டிப் பின்பக்கப் புகைக் குழாய் வாயில் திணித்து எஞ்சினை ஓட விட்டேன். நாலு மாதத்துக்கு முன்பு நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலை அது. எஞ்சினுக்குப் பக்கத்தில், புகைக் குழாய் வந்து சேருகிற மூட்டில், புஸ் என்று சத்தம் வந்தது. சோப்புத் தண்ணீர் விட்டேன், குமிழ் குமிழாகக் கிளம்பியது. மூட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று உடைந்துபோயிருந்தது. சுற்றிலும் கரி. டேப்பெட் சத்தம் என்று நான் சொன்னது இதுதான்.

சென்சார் இருப்பது அந்த மூட்டுக்குக் கீழே. அந்த இடுக்கு வழியாகப் புகை வெளியே வந்ததோடு, வெளிக்காற்றும் உள்ளே போயிருக்கிறது. உள்ளே போன காற்றைத்தான் சென்சார் மோந்து, ஆக்சிஜன் அதிகம் என்று சொல்லியிருக்கிறது. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதை நம்பிய கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஊற்றியிருக்கிறது. அரைகுறையாக எரிந்த, கார்பன் மோனாக்சைடு விஷம் கலந்த புகை அந்த இடுக்கு வழியாக வெளியே வந்து, நான் அடைக்காமல் விட்ட ஓட்டை வழியாகக் காருக்குள் போயிருக்கிறது. உள்ளே ஏற்றிவிட்ட கண்ணாடியும், புகை வாசனையை மறைத்த அத்தரும், எலுமிச்சம்பழமும். போல்ட்டையும் மூட்டுக்கு நடுவில் வைக்கிற கேஸ்கெட்டையும் மாற்றி, ஓட்டையை அடைத்து, மூலையில் எறிந்து வைத்திருந்த முதல் சென்சாரையே எடுத்துத் திரும்ப மாட்டினேன். மீட்டரில் முள் ஜம்மென்று ஆடியது.

பிறகு ஸ்டிக்கரை நனைத்து நனைத்துப் பிய்த்தேன். விளக்கு எரியவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் ஸ்டேண்டில் வண்டி வண்டியாகப் போய், நான் ஒட்டிய ஸ்டிக்கர்களை எடுக்கச் சொல்லி டிரைவர்களிடம் கெஞ்சினேன். பாதிப் பேர் சாமியைப் பிய்க்கச் சொல்கிறாயே, உனக்கு என்ன ஆயிற்று என்று என்னைப் பார்த்தார்கள். சில வண்டிகளை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அவை எங்கே ஓடுகின்றன என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாமாவுக்கு லீவு. அன்று அக்கா வீட்டுக்குப் போன் வரும். நான் போய்க் காத்திருந்தேன். குரலைக் கேட்டதும் பழைய மாமா என்று தெரிந்தது, சிரித்துப் பேசினார். இங்கே வந்து நாலாவது நாளே தலைவலி விட்டுப்போயிற்று, நன்றாகத் தூங்குகிறேன் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட், ஓட்டை, ஸ்டிக்கர், பால் வேன், குழந்தையின் மாஸ்க், ஒன்றையும் விடவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள் என்று மூன்று தடவை கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று மூன்று தடவையும் சொன்னேன்.  அப்புறம் அங்கே ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்போ எனக்கு நம்ம வூடு ஒத்துக்காம போவலியா மச்சான்?" என்று கேட்டார். "வூட்டுக்கு வந்தாலே தல நோவுது, யாரப் பாத்தாலும் எரிச்சலா வருது. எட்டு வருசத்துல நான் அந்த வூட்டுக்கு ஆகாத ஆளா ஆயிட்டேன்னு நெனச்சிக்கினு வந்துட்டேன். மூணு வருசத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேனே."

 பக்கத்தில் நின்றிருந்த அக்காவுக்கு அது அத்தனையும் கேட்டிருந்தது. அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போனுக்காகக் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் மாமாவின் கார் நின்றிருந்தது, அதற்குள் உட்கார்ந்து மகள் ஸ்டியரிங்கைத் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் போய் நாலு கதவையும் திறந்து வைத்தேன்.